மருந்துக் கவுண்டர் கணினியில் போன் செயலி ஓடுமா?

முல்லைத்தீவுப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலை ஒன்றில் புதிதாக மருந்தாளர் பொறுப்பெடுத்த தங்கச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய போனில் மெட்ஸ்கேப் என்ற மருந்துத் தகவல் செயலி இருக்கிறது. டோஸ் பார்க்கவோ, இரண்டு மருந்து ஒன்றோடொன்று முட்டுமா என்று பார்க்கவோ அதைக் கையில் எடுத்தால், யன்னலுக்கு வெளியே நிற்கும் ஆச்சிமார் "பிள்ளை போன் நோண்டிக்கொண்டு நிற்குது, நாங்கள் வெயிலுக்குள்ளே காயிறம்" என்று முணுமுணுக்கிறார்களாம். கவுண்டரில் ஒரு கணினி கிடக்கிறது, நாலு ஜிபி ரேம், விண்டோஸ் 10. அதிலேயே அந்தச் செயலியைப் போட முடியுமா, முடியும் என்றால் எந்த எமுலேட்டர், அதாவது கணினிக்குள் போனைப் போலி செய்யும் மென்பொருள், நல்லது என்று கேட்டிருந்தார்.

முடியும், தங்கச்சி. ஆனால் எமுலேட்டரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கடைசியில் அதற்கு வருவோம். நான் இருபது வருடத்துக்கு மேலாக வன்னி ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கிறவன். கணினி பழுதுபட்டால் பார்க்க ஆள் வரக் கிழமைக்கணக்காகும் என்பதால் ஸ்குரூட்ரைவரும் பழகிப்போனது. நீங்கள் கேட்ட இதே வேலையை நானும் செய்து பார்த்து, இரண்டு மாதம் வீணாக்கி, பிறகுதான் எதை முதலில் யோசித்திருக்க வேண்டும் என்று விளங்கிக்கொண்டேன்.

யோசிக்க வேண்டியது இதுதான். உங்களுக்கு வேண்டியது அந்தச் செயலியா, செயலிக்குள் இருக்கும் புத்தகமா? போன் செயலி என்பது ஒரு உறை. உள்ளே இருக்கும் மருந்துத் தகவல் பெரும்பாலும் இணையத்தளமாகவும் இருக்கிறது. மெட்ஸ்கேப்பையே எடுங்கள், இலவசமாகப் பதிந்துகொண்டால் போனில் வரும் மருந்துப் பக்கங்கள், நோய்ப் பக்கங்கள், மருந்துகள் முட்டுமா என்று பார்க்கும் கருவி எல்லாம் குரோமிலோ பயர்பொக்ஸிலோ அப்படியே வரும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் குடிக்கிற ஐயா ஒருவருக்கு மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோட்டிக் எழுதி வந்தால், இரண்டு பெயரையும் விசைப்பலகையில் அடித்தவுடனே இரத்தக்கசிவு பற்றிய எச்சரிக்கை பெரிய திரையில் நிற்கும். பெருவிரலால் போனில் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதைவிடக் கெதி. எம்எஸ்டி மனுவல் என்ற மருத்துவக் கைநூல் இன்னும் இலகு, வைத்தியர்களுக்கான பதிப்புக்கூடப் பதிவே கேட்காது. 1899-இல் ஒரு சின்னப் புத்தகமாகத் தொடங்கியது அது, இன்றைக்கு முழுதும் இலவசம்.

குரோம், எட்ஜ் இரண்டிலும் ஒரு இணையப் பக்கத்தை ஆப் போல நிறுவும் தெரிவு மெனுவுக்குள் இருக்கிறது. அதைச் செய்தால் டெஸ்க்டொப்பில் தனி ஐகன் வரும், திறந்தால் தனிச் சாளரமாக, மேலே முகவரிப் பட்டை இல்லாமல், அசல் செயலி மாதிரியே நிற்கும். என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் ஒரு மாதம் அதைப் பாவித்துவிட்டு "அண்ணை, இந்தச் செயலியை எங்கே எடுத்தீர்கள்" என்று கேட்டார். பத்து விநாடி வேலை அது, நிறுவுவதற்கு ஒரு எம்பிகூடத் தேவையில்லை.

உங்கள் கணினி விண்டோஸ் 10 என்பதால் உலாவி பிரச்சினை இல்லை. பக்கத்து வார்டில் விண்டோஸ் 7 கணினி ஏதாவது இருந்தால் அங்கே குரோம் 109-க்கு மேல் ஏறாது என்பதை நினைவில் வையுங்கள், 2023-இன் தொடக்கத்தோடு அது நின்றுவிட்டது. பயர்பொக்ஸின் 115 ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு அதில் ஓடும். விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசொஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, அதனால் அந்தக் கணினியில் கண்டதையும் தரவிறக்காமல் இருப்பது நல்லது. இதை ஏன் இங்கேயே சொல்கிறேன் என்பது எமுலேட்டருக்கு வரும்போது தெரியும்.

"இன்டர்நெட் இருந்தால்தானே அண்ணை" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஏ9 வீதியில் நின்றால் நாலு கோடு காட்டும் சிக்னல், உள்ளே ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கம் காட்டுக்குள் இறங்கினால் ஒரு கோடு வந்து வந்து போகும். கவுண்டர்க் கணினிகளில் பெரும்பாலும் வைஃபை அட்டையும் இருக்காது. அதற்கு டொங்கிள் வாங்க ஓட வேண்டாம், போனை யூஎஸ்பி வயரால் கணினியில் செருகி, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போட்டுவிட்டால் போனின் டேட்டா கணினிக்குப் போகும். எழுத்துப் பக்கங்கள் குடிக்கும் டேட்டா சொற்பம். உங்கள் டேட்டாவைக் குடித்துத் தள்ளுவது விண்டோஸ் அப்டேட்தான், அதனால் செட்டிங்ஸில் அந்த இணைப்பை "மீட்டர்ட்", அதாவது அளவோடு டேட்டா உள்ள இணைப்பு, என்று குறித்துவிடுங்கள். நான் முதல் தடவை அதைச் செய்யாமல் ஒரே மத்தியானத்தில் மாதப் பக்கேஜ் முழுவதையும் கணினிக்குத் தாரை வார்த்தேன்.

சிக்னலே இல்லாத நாளுக்கு என்ன செய்வது? அதற்கு பிடிஎஃப்தான். எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு, எம்எஸ்எஃப் என்றால் இங்கே 2009-க்கு முந்திய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும், 2008 செப்டம்பரில் தொண்டு நிறுவனங்களை வன்னியை விட்டுப் போகச் சொன்னபோது போனவர்களில் அவர்களும் ஒருவர். அவர்களுடைய மருத்துவ வழிகாட்டியும் அத்தியாவசிய மருந்துகள் பற்றிய கையேடும் போன் செயலியாகவும் இருக்கின்றன, இணையத்திலும் இருக்கின்றன, பிடிஎஃப் ஆகவும் காசில்லாமல் எடுக்கலாம். எங்களைப் போன்ற இடத்துக்கென்றே எழுதியது அது. ஸ்கேன் இல்லை, இரத்தப் பரிசோதனை அரைவாசி இல்லை, இருக்கிற மருந்து இவ்வளவுதான், இப்போது என்ன செய்வாய் என்று கேட்டு எழுதியது. அமெரிக்கச் செயலியைத் திறந்தால் முதல் வரியிலேயே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நுண்ணுயிர்க்கொல்லிக் கையேடும், அவேர் புத்தகம் என்பார்கள், பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. எந்தத் தொற்றுக்கு எந்த அன்டிபயோட்டிக், எத்தனை நாள், எங்கே ஒன்றுமே கொடுக்கத் தேவையில்லை என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. இவற்றை வீட்டில் நல்ல சிக்னலில் எடுத்து ஒரு பென் டிரைவில் கொண்டுபோய்க் கணினியில் போட்டுவிட்டால் கரண்ட் இருக்கும்வரை புத்தகம் இருக்கும்.

இன்னொன்று கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகச் சுருட்டி இணையமில்லாமல் படிக்க வைக்கும் மென்பொருள் அது. மருத்துவக் கட்டுரைகள் மட்டும் அடங்கிய தொகுப்பு ஒன்றும் இருக்கிறது, போனில் விக்கிமெட் என்று வருவது அதுதான். விண்டோஸுக்கும் கிவிக்ஸ் உண்டு. ஒரு கணினியில் வைத்து ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் வயர் வலையமைப்பு வழியாக மற்றக் கணினிகளுக்கும் பரிமாறலாம். நோயைப் பற்றி வாசித்து அறிய நல்லது. டோஸ் பார்க்க அதைத் திறக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பக்கத்தை நம்பி ஒரு குழந்தைக்குச் சிரப் அளந்து கொடுக்க என் கை போகாது.

பிஎன்எஃப் என்ற பிரிட்டிஷ் மருந்துக் கையேட்டைப் பற்றியும் கேட்பீர்கள், எங்கள் படிப்பெல்லாம் அதில்தானே. பிரிட்டனுக்குள் இருப்பவர்களுக்கு அது இணையத்தில் இலவசம், இங்கிருந்து திறந்தால் உள்ளே விடாது. அச்சுப் புத்தகம் ஆறு மாதத்துக்கு ஒன்று வருகிறது. எங்கள் அலுமாரியில் இருப்பது எந்த வருடத்தது என்று பார்க்க எனக்கே கொஞ்சம் வெட்கம்.

சரி, இவ்வளவும் சொன்ன பிறகும் "எனக்கு அந்தச் செயலியேதான் வேண்டும், அதில்தான் கை பழகியிருக்கிறது, குறித்து வைத்ததெல்லாம் அதற்குள்தான்" என்றால், அல்லது நீங்கள் பாவிப்பது இணையத்தளமே இல்லாத செயலி என்றால், அடுத்த வழி போனின் திரையைக் கணினித் திரைக்குக் கொண்டுவருவது. செயலி போனிலேயே ஓடும், கணினி கண்ணாடி மாதிரிக் காட்டும், மவுசும் விசைப்பலகையும் அதற்குள் வேலை செய்யும். நாலு ஜிபி கணினிக்கு இதுதான் சரி என்று நான் அடித்துச் சொல்வேன்.

இதற்கு எஸ், சி, ஆர், சி, பி, வை என்று ஆறு எழுத்தில் ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. ஸ்கிரீன் கொப்பி என்பதைச் சுருக்கி வைத்த பெயர், வாயில் நுழையாது, நாங்கள் இங்கே "ஸ்கிரீன்கொப்பி" என்றே சொல்கிறோம். 2018-இல் வந்தது, திறந்த மூலம், விளம்பரம் இல்லை, பதிவு இல்லை, போனில் ஒன்றும் நிறுவத் தேவையில்லை, போனின் பூட்டை உடைத்து ரூட் பண்ணவும் வேண்டாம். கித்ஹப் என்ற மென்பொருள் தளத்தில் அதன் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஸிப் கோப்பை எடுங்கள், கூகுளில் அந்தப் பெயரைப் போட்டால் அதே பெயரில் வேறு தளங்களும் வரும், அங்கே கை வைக்க வேண்டாம். அன்ட்ரொய்ட் 5-க்கு மேல் எந்தப் போனிலும் ஓடும்.

போனில் செய்ய வேண்டியது ஒரு தடவை மட்டும்தான். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு தடவை தட்டுங்கள். தட்டத் தட்ட "இன்னும் மூன்று, இன்னும் இரண்டு" என்று சொல்லி டெவலப்பர் ஒப்ஷன்ஸ் என்ற மெனு திறக்கும். அதற்குள் யூஎஸ்பி டீபக்கிங் என்பதைப் போடுங்கள். ஷவோமி போன் என்றால் கீழே பாதுகாப்புச் செட்டிங்ஸ் என்று அடைப்பில் போட்டு இன்னொரு டீபக்கிங் இருக்கும், அதையும் போடாவிட்டால் திரை தெரியும், மவுசால் தட்டினால் ஒன்றும் அசையாது. எனக்கு அரைநாள் போனது அதைக் கண்டுபிடிக்க. பிறகு வயரைச் செருகி, ஸிப்பை விரித்த கோப்புறையில் மென்பொருளைத் திறந்தால், போனில் "இந்தக் கணினியை நம்பலாமா" என்று கேட்கும், ஓம் என்று சொன்னால் போன் திரை கணினியில் நிற்கும். இடப்பக்க ஆல்ட் விசையோடு ஓ அழுத்தினால் போனின் திரை அணையும், கணினியில் மட்டும் தெரியும். சூடும் குறையும், ஆச்சிமார் கண்ணுக்கும் போன் தெரியாது. வயர் மட்டும் டேட்டா போகிற வயராக இருக்க வேண்டும், சந்தியில் நூறு ரூபாய்க்கு விற்கும் சார்ஜ் வயர்கள் பலவற்றுக்குள் டேட்டாக் கம்பியே இருப்பதில்லை.

இதில் இரண்டு மூன்று விஷயம் கவனம். போனுக்கு வரும் எல்லாம் திரையில் வரும். ஒரு நாள் கிளினிக் நேரம், முன்னால் இருபது பேர் நிற்க, வீட்டிலிருந்து வந்த வட்ஸ்அப் பெரிய எழுத்தில் விரிந்தது: "வரேக்கை கருவாடு வேண்டி வாங்கோ, போன முறை மாதிரி மறக்கவேண்டாம்." வரிசையில் நின்ற அம்மா ஒருவர் எந்தக் கருவாடு நல்லது என்று ஆலோசனையும் சொன்னார். அதனால் தொந்தரவு செய்யாதே நிலையைப் போட்டுவிடுங்கள். அடுத்தது, சில செயலிகள் திரையைப் படம்பிடிக்க விடாது, அப்படியானால் கணினியில் கறுப்புச் சாளரம்தான் தெரியும், வங்கிச் செயலிகளில் இது சர்வசாதாரணம், மருந்துச் செயலிகளில் நான் பாவித்தவற்றில் காணவில்லை. மூன்றாவது, காலை எட்டிலிருந்து நாலு வரை போன் வயரில் தொங்கினால் எங்கள் பங்குனி சித்திரை வெக்கைக்கு பட்டரி வீங்கும்.

அதற்கு நான் செய்தது, பழைய போன் ஒன்றை இதற்கென்றே விட்டுவிட்டேன். சிம் இல்லை, வட்ஸ்அப் இல்லை, திரையின் ஒரு மூலை வெடித்தது, யாரும் ஐயாயிரத்துக்கும் கேட்க மாட்டார்கள். வீட்டு வைஃபையில் கிழமைக்கு ஒருக்கா செயலிகளைப் புதுப்பித்து, மெட்ஸ்கேப்பிலும் எம்எஸ்டியிலும் உள்ளடக்கத்தைப் போனுக்குள்ளேயே இறக்கிக்கொண்டு வந்துவிடுவேன், இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. கவுண்டரில் சிக்னல் தேவையில்லை. கரண்ட் போனாலும் போன் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கணினி செத்தால் கையில் எடுத்துப் பார்க்கலாம். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள், கணினியை மட்டும் நம்பி எதையும் கட்டக்கூடாது என்பது எனக்கு அப்போது ஏறியது.

இனி எமுலேட்டர். போனில் இருக்கும் மருந்து நூலைக் கணினியில் திறக்கிற ஆசை புதிதல்ல, எபோக்ரேட்ஸ் போன்ற மருந்துச் செயலிகள் பாம் என்ற கைக்கருவியில் தொடங்கிய காலத்திலேயே கணினிக்குள் பாம் கருவியைப் போலி செய்து பார்த்தவர்கள் இருந்தார்கள். எமுலேட்டர் செய்வது அதைத்தான், உங்கள் விண்டோஸுக்குள் ஒரு முழு அன்ட்ரொய்ட் போனைக் கற்பனையாகக் கட்டுகிறது. அந்தக் கற்பனைப் போனுக்கும் ரேம் வேண்டும், அதற்கும் வட்டு இடம் வேண்டும். போன் செயலிகளில் சில பகுதிகள் ஏஆர்எம் புரொசசருக்கென்று எழுதப்பட்டிருக்கும், உங்கள் கணினியில் இருப்பது இன்டெலோ ஏஎம்டியோ, ஆகவே அந்தப் பகுதிகளை ஓட ஓட மொழிபெயர்க்கவும் வேண்டும். புளூஸ்டாக்ஸ் என்ற எமுலேட்டர் கேட்கும் ஆகக் குறைந்த ரேம் நாலு ஜிபி, உங்களிடம் இருப்பது மொத்தமே நாலு. விண்டோஸ் 10 எழும்பி உட்காரவே அதில் பாதியைத் தின்றுவிடும். ஒரு மூட்டை நெல் ஏற்றும் சைக்கிளில் இரண்டு மூட்டையையும் ஏற்றி ஆளும் ஏறி உட்கார்ந்த கதை.

நான் செய்த நாளில், எமுலேட்டரின் பெயரைச் சொல்லவில்லை, தட்டிவிட்டுப் போய் ஆறு பேருக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்தேன், அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவழியாகத் திறந்ததும் கீழே ஒரு வரிசை விளையாட்டு விளம்பரம். மருந்துச் செயலி கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன், உள்ளடக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்றது, புதுப்பிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து மாரி இடி ஒன்று விழுந்து கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு தரம் கத்திவிட்டுப் படுத்துவிட்டது. திரும்ப வந்தபோது அந்தக் கற்பனைப் போனின் வட்டுக் கோப்பு கெட்டுப்போய் எமுலேட்டர் திறக்கவே இல்லை. கெட்டது அது மட்டும் என்பதால் தப்பினேன், மருந்து இருப்புப் பதிவும் அதே கணினியில்தான் இருந்தது.

ரேம் எட்டு ஜிபி ஆக்க முடிந்தால் கதை வேறு. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது வேர்ச்சுவலைசேஷன், அதாவது கணினிக்குள் இன்னொரு கருவியைக் கற்பனையாக ஓட்ட புரொசசர் தரும் வசதி. டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பகுதியில் சிபியூவைத் தட்டினால் கீழே அது இயங்குகிறதா என்று எழுதியிருக்கும். இல்லையென்றால் கணினியை எழுப்பும்போது பயோஸ் என்ற அடிப்படைச் செட்டிங்ஸுக்குள் போய்ப் போட வேண்டும், டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, வேறு பல போர்டுகளில் டிலீட். இன்டெலில் விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டியில் எஸ்விஎம் என்றும் இருக்கும். பழைய கோர் டூ டுவோ வகையில் சிலவற்றில் இந்த வசதியே கிடையாது, அப்படியானால் எமுலேட்டர் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்றும் பாருங்கள், நாலு ஜிபி போட்ட கணினியில் 32 பிட் விண்டோஸ் இருந்து மூன்று ஜிபி சொச்சம்தான் கண்ணில் படும் கணினிகளை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன்.

எது நல்லது என்று கேட்டீர்கள். ஒன்று சொல்லத்தான் வேண்டும் என்றால் புளூஸ்டாக்ஸ், அதன் சொந்தத் தளத்திலிருந்து. நொக்ஸ் பிளேயர் என்ற இன்னொரு எமுலேட்டர் பற்றி 2021 பெப்ரவரியில் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கதை எனக்கு மறக்கவில்லை, அதன் அப்டேட் வழியாகவே சிலருடைய கணினிகளுக்குள் உளவு மென்பொருளை இறக்கியிருந்தார்கள். விளையாட்டுக்காரருக்கு அது ஒரு செய்தி, ஆஸ்பத்திரிக் கணினிக்கு அது வேறு. விண்டோஸ் 11-இல் மைக்ரோசொஃப்டே அன்ட்ரொய்ட் செயலிகளை ஓட்டும் வசதி ஒன்று கொடுத்தது, பழைய யூடியூப் வீடியோக்கள் இன்னும் அதைப் புகழ்ந்துகொண்டிருக்கின்றன, 2025 மார்ச் 5-ஆம் திகதியோடு அதை மூடிவிட்டார்கள், தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அன்ட்ரொய்ட்-எக்ஸ்86 என்று ஒன்றை யாராவது சொல்வார்கள், பென் டிரைவிலிருந்து கணினியையே அன்ட்ரொய்டாக எழுப்புவது, பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். வீட்டுக் கணினியில் விளையாடிப் பார்க்கலாம். அரசாங்கக் கணினியின் வட்டைப் பிரித்து அதை நிறுவுகிற வேலைக்குப் போனால் கணக்காய்வு வரும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

இன்னும் ஒன்று, இது கண்டிப்பு. காசு கட்டிப் பாவிக்கும் மருந்துச் செயலிகளை "பிரீமியம் திறந்தது" என்று சொல்லி ஏபிகே என்ற அன்ட்ரொய்ட் நிறுவல் கோப்பாக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவார்கள், எமுலேட்டர் போட்டதும் கை அதற்குத்தான் போகும். வைரஸ் ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், உடைத்த செயலி உடைத்த நாளோடு நின்றுவிடும், புதுப்பிக்காது, ஆனால் பழையது என்று முகத்தில் எழுதியிருக்காது. மூன்று வருடத்துக்கு முந்திய டோஸை இன்றைய டோஸ் என்று நம்பி வாசிப்பீர்கள்.

எந்த வழியில் திறந்தாலும் உள்ளே இருப்பது வேற்று ஊர்ப் புத்தகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிற பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். அமெரிக்கச் செயலியில் பரசிட்டமோல் என்று தேடினால் அசெட்டமினோஃபென் என்று காட்டும், அதை அநேகமானோர் அறிவார்கள். சல்பியூட்டமோல் அங்கே அல்பியூட்டரோல். கிளிபென்கிளமைட் அங்கே கிளைபுரைட். பெதிடின் மெபெரிடின், ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின், அட்ரினலின் எபினெஃப்ரின். சில செயலி இரண்டு பெயரையும் அறியும், சிலது "இல்லை" என்று சொல்லிவிடும், இல்லை என்று சொன்னால் முட்டாது என்று அர்த்தம் இல்லை. இந்திய வணிகப் பெயர் அச்சடித்த பெட்டிகளும் நிறைய வரும், பெட்டியில் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டுக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் பொதுப் பெயரை அடியுங்கள். பொதுப் பெயரால் எழுது, பொதுப் பெயரால் வாங்கு என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே, 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்ததும் அவர் முயற்சியால்தான். அவர் காலத்தில் தேடுபொறி இல்லை, ஆனால் இன்றைக்குத் தேடல் பெட்டியில் அவர் சொன்னதுதான் வேலை செய்கிறது.

பாம்புக்கடி இன்னும் மோசம். நெல் வெட்டும் காலத்தில் எங்களிடம் வருவது புடையனும் நாகமும் கடித்தவர்கள். அமெரிக்கச் செயலியில் பாம்புக்கடிப் பக்கத்தைத் திறந்தால் குரோஃபாப் என்ற மருந்தைச் சொல்லும், அது வட அமெரிக்கப் பாம்புகளுக்கானது, இந்த நாட்டில் நாங்கள் பாவிப்பது இந்தியாவிலிருந்து வரும் பல்வகை விஷமுறி. அதை ஏற்றுவதற்கு முன் குறைந்த அளவில் அட்ரினலின் போட்டால் கடுமையான ஒவ்வாமை குறைகிறது என்பதை 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது, அந்த ஆய்வு நடந்ததே இலங்கையில்தான். ஆகவே பாம்புக்கடிக்கு இலங்கை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியை பிடிஎஃப் ஆக டெஸ்க்டொப்பிலேயே வையுங்கள், அச்சடித்துக் கவுண்டர்ச் சுவரிலும் ஒட்டுங்கள். நஞ்சு குடித்தவர் வந்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கும் நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு டொக்டர் போன் எடுப்பார், அந்த இலக்கமும் சுவரில் இருக்கட்டும். இவற்றுக்குச் செயலி தேடுகிற நேரம் இல்லை.

பொறுப்பு வைத்திய அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் எதையும் அந்தக் கணினியில் போடுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார், கேட்காமல் செய்தால்தான் பிரச்சினை. உங்கள் சொந்த ஜிமெயிலால் குரோமில் உள்நுழைந்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டாம், இரவுக் கடமைக்கு வருபவர் உங்கள் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மருந்துத் தளங்களுக்கென்று ஒரு தனி மின்னஞ்சல் திறவுங்கள். நோயாளியின் பெயர், கிளினிக் இலக்கம் எதையும் அந்தச் செயலிகளின் குறிப்புப் பகுதியில் எழுதவும் வேண்டாம்.

நாளைக்குக் காலையில் போனதும் கணினியைத் திறந்து, திஸ் பீசி என்பதில் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி புரொப்பர்ட்டீஸில் 32 பிட்டா 64 பிட்டா, புரொசசர் என்ன பெயர் என்று பார்த்து எழுதுங்கள். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். இரண்டாவது ரேம் துளை காலியாக இருந்தால் என்னிடம் பழைய நாலு ஜிபித் துண்டு ஒன்று சும்மா கிடக்கிறது, டிடிஆர்3 வகை, உங்களுடையதும் அதுவாக இருந்தால் அடுத்த கிழமை முல்லைத்தீவு பஸ்ஸில் போட்டு விடுகிறேன். அதுவரைக்கும் மெட்ஸ்கேப்பை உலாவியில் திறந்து, ஐகனை டெஸ்க்டொப்பில் போட்டு, ஒரு கிழமை வேலை செய்து பாருங்கள். ஆச்சிமார் அடுத்து எதைப் பற்றி முணுமுணுக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள்.